உது எண்டால் எது?

அந்தப் போன் கோல் வரேக்குள்ளை நான் மாமியை ஏத்திக்கொண்டு மில்லிக்கனிலை இருக்கிற எங்கடை வீட்டிலையிருந்து திரும்பிப் போய்க்கொண்டிருந்தன். விடியத்தொட்டு பராமரிப்பு இல்லத்திலை என்ரை மனிசி நிரோவோடைதான் இருந்தனான். மாமி குளிச்சு வெளிக்கிட்டு நிக்கிறா எண்டு கூட்டிவரப் போன நேரம். கோல் கார் ஸ்பீக்கரிலை கேட்டது. பராமரிப்பு இல்லத்து நேர்ஸ். இங்கிலீஷிலை, மெதுவாய், பழகின குரலிலை ஒண்டு ரெண்டு வசனம் சொன்னா. நான் தாங்க்யூ எண்டன்.

மாமிக்கு இங்கிலீஷ் விளங்காது. பக்கத்து சீற்றிலை கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு, "ஆர் தம்பி உது?" எண்டு கேட்டா.

"நேர்ஸ், மாமி."

"என்னவாம்?"

லைற் பச்சையாகி, பின்னாலை நிண்டவன் ஹோர்ன் அடிச்சான். நான் முன்னுக்கிருந்த கடைப் பிளாசாவுக்குள்ளை திருப்பி நிப்பாட்டினன். இங்கிலீஷிலை கேட்டது அதுவரைக்கும் நடந்த மாதிரித் தெரியேல்லை. தமிழிலை நான் சொன்னால்தான் நடக்கும் எண்ட மாதிரி இருந்தது. செத்துப்போனா எண்டு என்ரை வாய் சொல்லாது. காலமானா எண்டு ரேடியோவிலைதான் சொல்லுவினம்.

"நிரோ போயிட்டா, மாமி."

மாமி என்னைத் திரும்பிப் பாத்தா. "எங்கை?" எண்டு கேட்டா.

நினைவு மலருக்கு நீங்கள்தான் எழுதோணும் எண்டு எங்கடை பங்கு ஃபாதர் கேட்டவர். நான் எழுதுற ஆள் இல்லை. மென்பொருள் சோதிக்கிறது என்ரை வேலை. பிழை எங்கை தொடங்கினது, திருப்பிச் செய்தால் திருப்பி வருமோ எண்டு பாக்கிறது. இதையும் அப்பிடித்தான் எழுதுறன். எழுத்துத் தமிழிலை எழுதினால் நிரோ சிரிப்பா, அதாலை கதைக்கிற மாதிரியே எழுதுறன். அழுதழுது எழுதினதெண்டு ஒருத்தரும் நினைக்கவேண்டாம். எனக்கு இன்னும் அழுகை வரேல்லை. உதைப் பற்றியும் நிரோ ஒரு பாடம் எடுத்தவ. அதுக்குப் பேந்து வாறன்.

தெரியாதவைக்காகச் சொல்லுறன்: என்ரை மனிசி மேரி நிரோஜினி மன்னாரிலை பிறந்து, சின்னனிலை தாயோடை இஞ்சை வந்தவ. மோர்னிங்சைட் பக்கத்திலை ஒரு கொலிஜ்ஜிலை உளவியல் ஆரம்ப வகுப்பு எடுத்தவ. நேர்சிங் படிக்கப்போற பிள்ளையள்தான் கூடுதலாய் வாறது. அதிலை கனபேர் எங்கடை பிள்ளையள்.

நான் அவவை முதல்முதல் பாத்தது ஒரு கலியாண மண்டபத்திலை. சிநேகிதன்ரை கலியாணம், மைக் வேலை செய்யேல்லை எண்டு என்னை மேடைக்கு ஏத்திவிட்டிட்டினம். நான் மைக்கைத் தட்டித் தட்டி ஹலோ ஹலோ எண்டு கொண்டு நிண்டன். அவ கலியாணப் பொம்பிளையின்ரை தோழி. முன்வரிசையிலை இருந்து எழும்பி வந்து சொன்னா: "உதைத் தட்டாதேங்கோ. உது எங்களுக்கு நல்லாக் கேக்குது. உங்களுக்குத்தான் கேக்கேல்லை." மண்டபம் முழுக்கச் சிரிச்சது. மைக் வேலை செய்துகொண்டுதான் இருந்தது. அவ என்னோடை கதைச்ச முதல் சொல்லே உது. அண்டைக்கு அதை ஒரு பெரிய விசயமாய் நான் எடுக்கேல்லை.

கிளாசுக்குப் போக முன்னம் அவ பாடத்தைக் குசினியிலை வைச்சு மாமிக்குச் சொல்லிப் பாப்பா. மாமி வெங்காயம் வெட்டுவா, நிரோ தமிழிலை பாடம் எடுப்பா. மாமிக்கு விளங்கினால் பிள்ளையளுக்கும் விளங்கும் எண்டது அவவின்ரை கணக்கு.

"அம்மா, நாய் கலைக்குது எண்டு வையுங்கோ. நீங்கள் பயந்ததாலை ஓடுறியளோ, ஓடுறதாலை பயப்பிடுறியளோ?"

"நாய் கலைச்சால் ஓடத்தானே வேணும். உதுக்கும் ஒரு படிப்போ?"

"கேளுங்கோவன். கால்தான் முதல் ஓடத் தொடங்குதாம். நெஞ்சு துடிக்குது, கை நடுங்குது. மூளை அதைப் பாத்திட்டுத்தான், ஓ, நான் பயந்திட்டன் எண்டு சொல்லுதாம். அப்பிடி ஒரு கட்சி இருக்கு."

"அந்தக் கட்சிக்காரரை நாய் கலைக்கேல்லை" எண்டா மாமி.

மொழிப் பாடத்துக்கு நிரோ எடுக்கிற உதாரணமும் மாமிதான். ஞாயிற்றுக்கிழமையளிலை மாமி மன்னாருக்குத் தங்கச்சிக்குப் போன் எடுத்து, "உங்கை மழையோ? இஞ்சை ஒரே சினோ" எண்டு பனி கொட்டுறதைக் கத்திச் சொல்லுவா. அதைச் சொல்லித்தான் நிரோ பிள்ளையளுக்கு விளங்கப்படுத்துறது. என்னட்டைக் கிட்ட இருக்கிறது இது. ரெண்டு பேருக்கும் தூரத்திலை இருக்கிறது அது. உங்களிட்டைக் கிட்ட இருக்கிறது உது, நீங்கள் நிக்கிற இடம் உங்கை. இங்கிலீஷுக்கு உந்தச் சொல் இல்லை. எங்களிட்டை இருக்கு. "ஆனா கேக்கிறதுக்கு ஒரு ஆள் இல்லாட்டில் உது எண்டு சொல்லவே ஏலாது. உது எண்டு சொல்லுற நேரமே, நீ உங்கை இருக்கிறாய் எண்டும் சொல்லிப்போடுறம்" எண்டு சொல்லுவா.

நிரோவின்ரை பேச்சிலை உது எண்ட சொல் கூடத் தொடங்கினது ஒருத்தருக்கும் பிழையாய்ப் படேல்லை. எப்பிடிப் படும்? எங்கடை ஆக்கள் எல்லாரும் அப்பிடித்தானே கதைக்கிறது. "அன்ரன், உதை எடுங்கோ" எண்டு என்னைக் கூப்பிடுவா. "உதை மூடுங்கோ." "உவை வந்து உதைக் கேட்டவை, குடுத்தனீங்களோ?" நான் எது எண்டு கேப்பன், உதுதான் எண்டு கையைக் காட்டுவா. மாமிதான் பேசுவா: "உது எண்டால் எது? சாமானுக்குப் பேர் வைக்கேல்லையோடி? ரீச்சராம் ரீச்சர்." கோயிலடியிலை ஒரு அன்ரி இதைக் கேட்டிட்டு மாமியின்ரை காதுக்குள்ளை, "வயித்திலை உண்டானால் இப்பிடி மறதி வரும். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை" எண்டு சொல்லியிருக்கிறா. மாமி கொஞ்ச நாளாய் நிரோவுக்கு முட்டையும் மீனுமாய்க் குடுத்தா. மேல் அறையிலை கிடந்த பெட்டியளை ஒதுக்கச் சொல்லி எனக்குச் சொன்னா. ஏன் எண்டு நான் கேக்கேல்லை. எனக்கும் அந்த நினைப்பு இருந்தது. நாங்கள் ரெண்டுபேரும் சந்தோசமாய் இருந்தம். வீட்டுக்குள்ளை ஒண்டு வளருது எண்டது மட்டும் சரிதான்.

ஒரு ஞாயிறு மத்தியானம் அவ குழம்பு அள்ள அகப்பையைக் கையிலை எடுத்தவ, அப்பிடியே நிண்டா. "அன்ரன், இதுக்குப் பேர் என்ன?"

நான் சிரிச்சன். "அகப்பை. ஏன், மாமியிட்டைப் பேச்சு வாங்கினது காணாதோ?"

அவ சிரிக்கேல்லை. கிளாசிலை கதைக்கிற குரலிலை சொன்னா: "நான் உது எண்டு சொல்லேல்லை, கவனிச்சனீங்களோ? இது எண்டு சொன்னன். என்ரை கையிலை கிடக்குது. என்னத்துக்கு எண்டு தெரியும். பேர் இல்லை." பிறகு அகப்பையை வைச்சிட்டு, "ஒவ்வொண்டாய்த் தூக்கிக் காட்டுங்கோ" எண்டா.

காட்டினன். அதுதானே என்ரை வேலை. கரண்டிக்கு வந்தது. மா அரிக்கிற அரிதட்டுக்கு வரேல்லை. தேங்காய் திருவுற திருவலைக்கு வரேல்லை. தலை துடைக்கிற துவாய்க்கு இங்கிலீஷ் வந்தது, தமிழ் வரேல்லை. வராத ஒவ்வொண்டுக்கும் அவவின்ரை வாய் உ எண்டு குவிஞ்சது, அவ அதைக் கையாலை பொத்தினா. திருப்பிக் காட்டினன். அதே சாமான்களிலை பேர் வராமல் நிண்டது. மாமி அடுப்பை நிப்பாட்டினா.

கொலிஜ்ஜிலை ஏன் தெரியேல்லை எண்டால், அங்கை புரொஜெக்டராலை சுவரிலை பாடத்தின்ரை எழுத்து ஓடும். பேர் எல்லாம் அதிலை இருக்கும்.

ஸ்கான் படத்தை டொக்டர் திரையிலை போட்ட உடனை, அவர் வாய் திறக்க முன்னம் நிரோ பாத்திட்டா. இடப்பக்கம், காதுக்கு மேலை ஒரு கட்டி. சொல்லுகள் இருக்கிற இடம் எண்டு வருசா வருசம் அவ பிள்ளையளுக்குப் படம் கீறிக் காட்டுற இடம். என்ரை பக்கம் திரும்பித் தமிழிலை சொன்னா: "உதுதான் அந்த உது."

ஒப்பரேசன் செய்யலாம், முழிப்பிலை வைச்சுத்தான் செய்யோணும் எண்டிச்சினம். மண்டையைத் திறந்து, படங்களைக் காட்டிப் பேர் கேப்பினம். மூளையிலை ஒரு இடத்தைக் கரண்டாலை தொடேக்குள்ளை பேர் வராமல் நிண்டுதெண்டால் அந்த இடத்தை வெட்டமாட்டினம். நிரோ கேட்டா: "எந்த மொழியிலை கேப்பியள்?" இங்கிலீஷிலை எண்டிச்சினம். "தமிழுக்கு வேறை இடம் இருந்தால்?" இருக்கலாம், ரெண்டையும் காப்பாத்தோணும் எண்டால் கட்டியிலை கூடப் பங்கை விடவேண்டி வரலாம், விட்டது பிறகு வளரும் எண்டு ஒளிக்காமல் சொல்லிச்சினம்.

இதிலைதான் வீட்டிலை சண்டை வந்தது.

மாமி சொன்னா: "எல்லாத்தையும் எடுக்கச் சொல்லு. தமிழ் போனால் போகட்டும், நீ இரு."

"பேந்து உங்களோடை நான் என்னத்திலை கதைக்கிறது அம்மா?"

"நீ கதைக்கவேண்டாம். முன்னுக்கு இருந்தால் காணும்."

நானும் மாமியின்ரை பக்கம்தான் கதைச்சன். நிரோ எங்களை இருத்தி வைச்சு, ஊக்கம் எண்ட பாடத்தை எடுத்தா. ஒரே சாமானிலை ஆசையும் பயமும் இருந்தால் என்ன நடக்கும் எண்ட பாடம். "தூரத்திலை நிக்கேக்குள்ளை ஆசை பெரிசு. கிட்டப் போகப்போகப் பயம்தான் கெதியாய்க் கூடும். மேசையிலை படுத்துக்கொண்டு கேட்டால் எல்லாத்தையும் எடுங்கோ எண்டு கத்துவன். அதாலை இப்ப சொல்லுறன், தூரத்திலை நிண்டு: ரெண்டையும் வெட்டாமல் விடுங்கோ. இங்கிலீஷ் என்ரை வேலை. தமிழ் இந்த வீடு. வீடு இல்லாமல் எத்தினை வருசம் இருந்து என்ன செய்யிறது?" மாமி எழும்பிப் போயிட்டா. ஆனா நிரோ பிடிச்சால் பிடிதான் எண்டு எங்கள் ரெண்டுபேருக்கும் தெரியும்.

தமிழிலை கேக்கிறதுக்கு ஹொஸ்பிற்றலிலை ஒரு மொழிபெயர்ப்பாளரை ஒழுங்குபடுத்திச்சினம். கோயம்புத்தூரிலையிருந்து வந்த பிள்ளை, பேர் கவிதா, நல்ல பிள்ளை. ஒப்பரேசனுக்கு முன்னம் ஒரு ஒத்திகை வைச்சினம். கதிரைப் படம் காட்டினவுடனை நிரோ கதிரை எண்டா. கவிதா தலையை ஆட்டினா, பிழை. துவாய்ப் படத்துக்குத் துவாய் எண்டா, பிழை. சப்பாத்துப் படத்துக்குச் சப்பாத்து எண்டா, அதுவும் பிழை. கடைசியிலை டொக்டர் கவலையாய், நோயாளி தமிழிலை இல்லாத சொல்லுகளைச் சொல்லுறா எண்டு எழுத வெளிக்கிட்டார். நிரோவுக்குச் சிரிச்சுக் கண்ணாலை தண்ணி வந்திட்டுது. "அன்ரன், மன்னார் யாழ்ப்பாணம் முழுக்க மூளையிலை கட்டியாம்!"

அந்தச் சிரிப்புக்குள்ளை எனக்கு ஒரு யோசனை வந்தது. இது மேசையிலை நடந்திருந்தால்? ஒவ்வொரு கதிரைக்கும் ஒரு இடத்தை வெட்டாமல் விட்டிருப்பினம். நான் கவிதாவைக் கன்ரீனுக்குக் கூட்டிக்கொண்டு போய் எங்கடை சொல்லுகளைப் படிப்பிச்சன்.

"கதிரைன்னா நாற்காலிங்களா அண்ணா? எங்க ஊர்ல கதிர்ன்னா நெல்லுங்க."

"இஞ்சை குந்தி இருக்கிறதுங்க" எண்டன் நானும். ரெண்டுபேரும் சிரிச்சம். கடைசியிலை உது வந்தது. அந்தச் சொல் அவ கேள்விப்பட்டதே இல்லை. நான் சுருக்கிச் சொன்னன்: "பேர் சொல்லாமல் உது எண்டு சொன்னால் பேர் வரேல்லை எண்டு அர்த்தம். கையைத் தூக்குங்கோ."

ஒப்பரேசன் முடிஞ்சு கவிதாதான் முதல் வெளியிலை வந்தா. எல்லாம் நல்லாப் போனது, கதிரை துவாய் எல்லாம் டக் டக்கெண்டு சொன்னாங்க எண்டா. கடைசியாய்க் கவிதா சீப்புப் படத்தைத் தூக்கிப் பிடிச்சாவாம். "உது... அப்படின்னு ஆரம்பிச்சாங்க அண்ணா. நான் உடனே கையைத் தூக்கிட்டேன்." டொக்டர் நிப்பாட்டினார். ஒருக்காலோடை முடிவெடுக்கமாட்டினம், திருப்பிக் கேக்கிறதுதான் வழக்கம். ஆனா நிரோ களைச்சு, அதுக்குப் பிறகு ஒண்டுக்கும் ஒழுங்காய்ப் பதில் வரேல்லை. அந்த இடத்தை வெட்டாமல் விட்டிட்டினம்.

படம் கவிதாவின்ரை கையிலை இருந்தது. எங்கடை ஆக்கள் ஆராய் இருந்தாலும், அடுத்த ஆளின்ரை கையிலை இருக்கிற படத்தைப் பாத்து, உது சீப்பு எண்டுதான் சொல்லுவினம். அவவுக்குச் சீப்பு வரேல்லையோ, வரப்போனதோ? ஒரு சோதனையிலை உந்தக் கேள்வி வந்தால் நான் திருப்பி ஓட்டிப் பாப்பன். இதைத் திருப்பி ஓட்ட ஏலாது. கட்டி திருப்பி வளர்ந்தது அந்த ஓரத்திலையிருந்துதான்.

நிரோவிட்டை ஒருக்கால் கேட்டன். "சீப்பு தெரிஞ்சதோ எண்டு எனக்கே தெரியாது. பிழைக்கும் சரிக்கும் அந்தச் சொல்லிலை ஒரே சத்தம்" எண்டா. மாமியின்ரை தலையை இழுத்துக்கொண்டிருந்த சீப்பை எனக்குத் தூக்கிக் காட்டி, "இது சீப்பு. நான் அம்மாவோடை கதைச்சுக்கொண்டிருக்கிறன். நீங்கள் போய்த் தேத்தண்ணி போடுங்கோ" எண்டா.

அந்தக் கோடை நல்லாய் இருந்தது. சொல் பிந்தி வந்தாலும் வந்தது. கடையிலை ஒரு அன்ரி நிரோவைப் பாத்திட்டு, என்ரை பக்கம் திரும்பி, "பிள்ளைக்கு நாங்கள் கதைக்கிறது விளங்குதோ?" எண்டு உரத்துக் கேட்டா. நிரோ ஒவ்வொரு சொல்லாய் எடுத்து வைச்சா: "அன்ரி, எனக்குச் சொல்தான் தட்டுப்பாடு. புத்தி தட்டுப்பாடில்லை. சில பேருக்கு மற்றப் பக்கம்." புத்திக்கூர்மைப் பாடத்திலை அவ பிள்ளையளுக்கு முதல் சொல்லுறதும் அதுதான்: ஒரு சோதனை அது கேக்கிறதை மட்டும்தான் அளக்கும், ஆளை அளக்காது.

மரம் இலை கொட்டேக்குள்ளை உது திரும்பி வந்தது. முதல் குசினிச் சாமான், பிறகு உடுப்பு, பிறகு ஆக்களின்ரை பேர். ஒருநாள் காலமை என்னைக் கூப்பிட வாய் திறந்தவ, என்ரை பேர் வராமல், "உவர்" எண்டா. எண்டு போட்டு என்னைப் பாத்தா.

செபமாலை மட்டும் நிக்கேல்லை. மாமி தொடங்கினால் அருள் நிறைந்த மரியே முழுக்க, ஒரு சொல் பிசகாமல் வரும். மாதா செய்த புதுமை எண்டு மாமி அழுதா. நிரோ இல்லையெண்டு தலையை ஆட்டினா. முந்தி அவவே சொல்லியிருக்கிறா, மனப்பாடமும் தூசணமும் வேறை வழியாலை வரும் எண்டு. தூசணமும் வந்தது. மாமி செபமாலையாலை அவவின்ரை கையிலை ஒரு தட்டுத் தட்டினா.

பராமரிப்பு இல்லத்துக்கு வரேக்குள்ளை உது மட்டும்தான் மிச்சம். ஆனா தாயும் மகளும் அதாலை மணிக்கணக்காய்க் கதைச்சினம். "உது?" "ஓம் பிள்ளை, உதுதான்." "உது... உது!" "ஓமடி, அவளும் அப்பிடித்தான் செய்தவள்." ரெண்டுபேரும் சிரிப்பினம். எது எண்டு எனக்கு விளங்கேல்லை. என்னைப் பாத்து உது எண்டால் நான் எழும்பித் தண்ணி குடுப்பன், போர்வையை இழுத்துவிடுவன், யன்னல் சீலையை விலத்துவன். அவ கண்ணை மூடித் திறந்து, திருப்பியும் உது எண்டு சொல்லுவா. ஒருநாள் மாமி கதிரையிலை இருந்து சொன்னா: "தம்பி, சும்மா இருங்கோ. அவ ஒண்டும் கேக்கேல்லை. கதைக்கிறா."

இருந்தன். "உது" எண்டா. "ஓம் நிரோ" எண்டன்.

இப்ப அந்தச் சொல் எனக்கு எங்கையும் கேக்குது. பிளாசாவிலை, கோயிலிலை, வேலையிடத்துப் பொடியன்ரை வாயிலை. ஒவ்வொரு தரமும் ஆளைத் திரும்பிப் பாக்கிறன். பேர் தெரிஞ்சுதான் சொல்லுறாரோ எண்டு. போன கிழமை மாமி குசினியிலை நிண்டு, "தம்பி, உதை ஒருக்கால் எடுங்கோ" எண்டா. எது எண்டு நான் கேட்டன். மாமி யோசிச்சா. "அகப்பை" எண்டா பிறகு.

அடக்கத்தண்டு நடந்ததோடை முடிக்கிறன். நிரோவிட்டைப் படிச்ச ஒரு பிள்ளை வந்து, "அங்கிள், மிஸ் எங்களை ஒருக்காலும் ஸ்ரூப்பிட்டா ஃபீல் பண்ண விடேல்லை" எண்டு சொல்லிவிட்டு ஓடிப்போய்த் தாயின்ரை தோளிலை அழுதுது. நான் அதைப் பாத்துக்கொண்டு நிண்டன். ஆக்கள் கார்ப் பக்கம் போகத் தொடங்கிச்சினம். சினோ விழத் தொடங்கினது. மாமி மட்டும் குழியடியிலை நிண்டா, கூட்டிவர நான் கிட்டப் போனன். மாமி குனிஞ்சு, மன்னாருக்குப் போன் கதைக்கிற அதே குரலிலை, கொஞ்சம் உரத்துக் கேட்டா:

"பிள்ளை, உங்கை குளிரோ?"

கேட்டிட்டு, பதிலுக்குக் காத்துக்கொண்டு நிண்டா. நானும் நிண்டன். அப்பதான் என்ரை கை நடுங்கத் தொடங்கினது. கை, பிறகு தாடை, பிறகு முழங்கால். நெஞ்சுக்குள்ளை இன்னும் ஒண்டும் இல்லை. நாய் எங்கை எண்டு தெரியாது, கால் ஓடத் தொடங்கிவிட்டுது.

நிரோ, உம்மடை அந்தக் கட்சி சரிபோலை கிடக்கு. மற்றது பின்னாலை வரும்.

நாங்கள் போயிட்டு வாறம்.